வசந்தாமணியின் வைவா

போன வாரம் செல்போனுக்கு ஒரு லிங்க் வந்தது. அனுப்பியவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். என் பழைய மாணவி ஒருத்தியிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். 'ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாழ்க்கை நிறைவு' என்று தலைப்பு. இரண்டே நிமிடம்தான் மேடம், ப்ளீஸ் மேடம் என்று எழுதி, கீழே கும்பிடுகிற கைப் படம் வேறு. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்றபடியே டிக் அடித்துக்கொண்டு போனேன். என் உடல்நலம் எனக்குத் திருப்தி அளிக்கிறது: ஒப்புகிறேன். (முட்டி போய் எத்தனையோ நாளாகிறது.) என் பிள்ளைகள் என்னோடு போதிய நேரம் செலவிடுகிறார்கள்: ஒப்புகிறேன். மனம்விட்டுப் பேச எனக்கு நெருங்கிய நட்பு இருக்கிறது: ஒப்புகிறேன். பொத்தானை அழுத்தினேன். நன்றி, உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்று வந்தது.

அப்புறம்தான் அந்தக் கடைசி வரி உறைத்தது. பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன். வசந்தாமணி மட்டும் இதைப் பார்த்திருந்தால், "இது மருவாதிக்குப் போட்ட டிக்குங்க அம்மணி, கணக்குல சேத்திக்காதீங்க" என்று ஒரே பார்வையில் ஒதுக்கி வைத்திருப்பார்.

உங்களுக்கு வசந்தாமணியைத் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் ஒரு கல்வியியல் கல்லூரியில் ஆராய்ச்சி முறையியல் நடத்தினேன். அதாவது, வாத்தியார்களுக்கே வாத்தியார்; ஒரு விஷயத்தை எப்படிக் கேட்டு, எப்படி எண்ணி, எப்படி நம்புவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன சப்ஜெக்டுங்க?" என்பார். சொன்னதும் "ஓ, நல்லதுங்க" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ரசம் கேட்கத் திரும்பிவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பை எப்போதும் என் தலையில்தான் கட்டுவார்கள். மின்விசிறி கடகடக்கும். எம்.எட். படிக்க வந்தவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும் வித்தையில் கைதேர்ந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே ஆராய்ச்சிதான். ஆணா பெண்ணா, கிராமமா நகரமா, அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று பிரித்து, கூட்டி, வகுத்து, கடைசியில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று முடிப்பார்கள். "இப்படியே போனா இட்லிக்கும் தோசைக்கும் வேறுபாடு இல்லைன்னு எழுதிப்போடுவீங்களாட்ட இருக்குது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கடைக்குப் போனால் நான் ஒரு தக்காளியை வாங்க நாலு தக்காளியை அமுக்கி வேறுபாடு பார்க்கிற ஆள் என்பதால் அவருக்கு அந்த உரிமை உண்டு.

அந்தக் கல்லூரியில் என் பக்கத்து மேஜை வசந்தாமணியுடையது. கல்வி உளவியல் நடத்தினார். சிங்காநல்லூர்க்காரர், வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் கைப்பையைத் திறந்தால் மல்லிகைப்பூவும் பட்டறை ஆயிலும் கலந்த ஒரு வாசம் வரும். இன்றைக்கும் ஏதாவது பட்டறையைத் தாண்டிப் போகும்போது எனக்கு மல்லிகை நினைவு வருகிறது. மற்றவர்களுக்கு அப்படி வருமா என்று தெரியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் பேசுவது இந்த ஊர்த் தமிழ்தான். அத்தனை வருஷம் ஒன்றாக உட்கார்ந்து டப்பாச் சோறு தின்றும் நாங்கள் ஒருவரையொருவர் ஒருமையில் கூப்பிட்டுக்கொண்டதில்லை. சண்டை வந்தாலும் 'ங்க' போட்டுத்தான். "உங்களுக்குக் கூறே இல்லீங்க" என்று ஒருமுறை என்னைத் திட்டினார். திட்டு வாங்கிய மாதிரியே இல்லை.

பிள்ளைகள் பெரிதான பிறகு வேலையில் இருந்துகொண்டே பி.எச்டி.க்குப் பதிந்தார். இத்தனை வயதுக்கு மேல் எதற்கு என்று ஆசிரியர் அறையில் முணுமுணுத்தார்கள். நானே கேட்டேன். அவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு அந்த வைவாவுல நிக்கோணுமுங்க. எங்கூட்டுல என்னைய ஆரும் கேள்வி கேட்டுப் பதிலு வாங்குனதில்லீங்க. பொறந்த ஊட்டுலயும் இல்லை, வந்த ஊட்டுலயும் இல்லை. 'வசந்தா, பாலு காஞ்சுதா'ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எல்லாரும் கம்முனு உக்காந்து நான் சொல்றதைக் கேக்கோணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் பக்கத்து வைவாவைப் பற்றித் தெரிந்தால்தான் இந்த ஆசை புரியும். பேருக்குத்தான் அது வாய்மொழித் தேர்வு. நடப்பது பாதி கல்யாணச் சீர். ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்கள் எல்லாரும் சரி என்று எழுதிய பிறகு ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். இங்கே யார் வேண்டுமானாலும் என்றால் மாமன், மச்சான், அத்தை, பெரியம்மா என்று வேன் வைத்து வந்து இறங்குவார்கள். பட்டுப் புடவை, வாசலில் சந்தனம், லட்டும் மிக்சரும் வைத்த பெட்டி. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் சக ஆசிரியர்கள். என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருப்போம். அது ஒரு எழுதாத சட்டம். வசந்தாமணி மட்டும் என்னை முதலிலேயே எச்சரித்துவிட்டார். "நீங்க கேக்கறதை முன்னாடியே சொல்லிப்போடாதீங்க. நெசமாலுமே கேளுங்க, நான் திக்குனாலும் பரவால்லை."

தொழிலாளர் குடும்பங்களில் பெண் பிள்ளைகளின் மேல்படிப்பைப் பற்றிப் பெற்றோர் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். கேள்வித்தாள் ஒன்று செய்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் ஒப்புகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் வரை. சனிக்கிழமைகளில் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். ஒரு வாரம் சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் பெருந்துறை, அங்கே தொழிற்பேட்டை ஆட்களின் குடியிருப்புகள். ஒரு வாரம் உக்கடத்தில் ஏறி மதுக்கரை, அங்கே சிமெண்ட் ஆலைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகள். மதுக்கரையில் முருங்கை இலையெல்லாம் வெளுத்துத்தான் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொம்பில் தண்ணீர், அப்புறம் காப்பி, அப்புறம் "சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்". ஆராய்ச்சியில் எனக்குக் கூடியது எடைதான்.

தாள்கள் சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாரும் எல்லாவற்றையும் ஒப்புகிறார்கள். பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது அவசியம்: ஒப்புகிறேன். பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது வீண்: அதே ஆள், அதே பேனா, ஒப்புகிறேன். வாக்கியம் புரியவில்லையோ என்று அடுத்த வாரம் மதுக்கரைக்கே போய் மாராத்தாளிடம் கேட்டோம். ஆலையில் மூட்டை ஏற்றுகிறவரின் மனைவி. ஒன்பதாவது படிக்கிற மகள் இருந்தாள். மாராத்தாள் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சங்கடமாகச் சிரித்தார்.

"புரிஞ்சுதுங்க டீச்சர். ஆனாட்டி நீங்க இத்தாந்தொலைவு வெயில்ல நடந்து வந்து கேக்கறீங்க. இல்லைன்னு எப்படிங்க போடறது? மனசு சங்கடப்பட மாட்டீங்களா?"

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வசந்தாமணி அந்தத் தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "அத்தனையும் போச்சுங்க" என்றார்.

அவருடைய நெறியாளர் நல்ல மனிதர், அனுபவசாலி. எதிர்மறை வாக்கியங்களை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், எல்லாரும் செய்வதுதான் என்றார். சொன்னபடி செய்திருந்தால் அந்த வருஷமே ஆய்வேடு முடிந்திருக்கும், அடுத்த வருஷம் வேன் வைத்து உறவெல்லாம் வந்திருக்கும். வசந்தாமணி மறுத்துவிட்டார். ஜனங்கள் மரியாதைக்குச் சொன்னதை உண்மை என்று அச்சடித்தால் அவர்களையே கேலி செய்தது போல ஆகும் என்றார். என் வகுப்பில் நான் வருஷா வருஷம் சொல்கிற பாடம்தான் அது. நானும் அவர் பக்கம்தான் நின்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வேன். சரியானது என்பதால் வலிக்காமல் இருந்துவிடுமா?

முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆறு மாதம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த ஊர் ஜனங்களுக்கு முகத்துக்கு நேரே தன்னைப் பற்றி ஒரு குறை சொல்ல வராது. அடுத்த வீட்டைப் பற்றி என்றால் தாராளமாக வரும். அதனால் கட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, "உங்க பக்கத்து ஊட்டுலயெல்லாம் என்னங்க பேசிக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அவரைக்காய் கிள்ளிக்கொடுப்பார், முறத்தை வாங்கிப் புடைப்பார். அவசரமே படமாட்டார். பேச்சு தானாக வரும்.

மாராத்தாளிடம் கேட்ட அன்றைக்கு நான் கூட இருந்தேன். "அவங்களுக்குப் பயமுங்க" என்றார் மாராத்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "புள்ள மேல படிச்சுப்போட்டா நம்மளையெல்லாம் மதிக்குமான்னு ஒரு பயம். படிக்க வெக்காட்டி நம்மளாட்டவே ஆயிருமேன்னு இன்னொரு பயம். ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்க பாவம், பக்கத்து ஊட்டுக்காரி." வசந்தாமணி பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து ரொம்ப நாளாகியிருந்தது.

இப்படி ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து கேட்டால் எத்தனை காலம் ஆகும்? ஆனது. நெறியாளர் ஓய்வுபெற்றார், புது நெறியாளர் வந்தார், அவருக்கு ஆதியிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. பதிவை நீட்டிக்க விண்ணப்பித்தார். எங்களோடு சேர்ந்தவர்கள் எல்லாம் டாக்டர் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு வைவாவுக்கும் வசந்தாமணி போவார், லட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்து கேட்பார். அவர் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஏனுங்க மேடம், எங்க டாக்டரம்மாவுக்கு எப்பங்க பரீச்சை?" என்பார். கேலிதான். ஆனால் தட்டச்சு செய்த பக்கங்களை அடுக்கி, வரிசை பார்த்து, பைண்டிங்குக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். ஆய்வேடு கொடுத்த அன்று மூவரும் காந்திபுரத்தில் நெய்ரோஸ்ட் சாப்பிட்டோம். வசந்தாமணி பாதியை அப்படியே வைத்துவிட்டார். சந்தோஷத்தில் பசி இல்லை என்றார்.

சந்தோஷம் இல்லை, நோய். வயிற்றில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிருந்தது. எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கறனுங்க" என்பார். அத்தனை வீடுகளில் அந்த வார்த்தையைக் கேட்டு அதற்குப் பின்னால் போன மனுஷி, தன்னைக் கேட்டால் அதையேதான் சொன்னார். சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தபோது வேறு எதையும் கேட்கமாட்டார். "ரிப்போர்ட் வந்துதுங்களா அம்மணி?" என்பதுதான். தேர்வாளர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அறிக்கை அனுப்பியிருந்தார்கள். அந்த ஒருவருக்காகக் காத்திருந்தோம். நெறியாளர் நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பினார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒவ்வொரு மேஜையாக நின்றேன். எல்லாரும் தன்மையாகத்தான் பதில் சொன்னார்கள். வீட்டிலேயே வைவா வைக்க முடியுமா, நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லலாமா என்றுகூடக் கேட்டேன். அறிக்கை வராமல் எதுவும் முடியாதுங்க மேடம் என்றார்கள்.

கடைசியாகப் பார்த்த அன்று அவர் குரல் ரொம்ப இறங்கிப்போயிருந்தது. பச்சைப் பட்டு கட்டுவதா அரக்குப் பட்டு கட்டுவதா என்று என்னைக் கேட்டார். அரக்கு என்றேன். "ஆகட்டுங்க" என்றார். மறு வாரம் அந்த அரக்குப் பட்டைத்தான் போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் உடைந்து அழுதேன். அப்படி ஒரு அழுகை நான் அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவு திரும்பிப்போன பிறகு அந்த அறிக்கை வந்தது. நெறியாளர் ஒரு நகலை என்னிடம் கொடுத்தார். பட்டம் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். வைவா இல்லாமல் பட்டம் கிடையாதாம், ஆள் இல்லாமல் வைவா கிடையாதாம். சட்டப்படி சரிதான் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சிங்காநல்லூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை மூடியிருந்தது. அவர் வீட்டுக்காரர் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க போட்டிருக்குது அதுல?" என்றார்.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மிகவும் நேர்மையான ஆய்வு என்று எழுதியிருந்தது. கேள்வி கேட்கிற முறை புதிது என்று எழுதியிருந்தது. பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதியிருந்தது.

"அப்ப பாஸுங்களா?"

"பாஸுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசிப் பத்தியில் வைவாவில் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒன்று இருந்தது. அதையும் சொன்னேன். 'இதே முறையோடு இன்னொருவர் அந்த வீடுகளுக்குப் போனால், இதே பதில்கள் அவருக்கும் கிடைக்குமா?'

"வசந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பாளுங்க?" என்று கேட்டார்.

ஆராய்ச்சி முறையியலில் தலை நரைத்தவள் நான். ஆம், கிடைக்கும் என்று சொன்னால்தான் ஆய்வு நிற்கும். பரீட்சைக்கு அதுதான் பதில். வசந்தாமணி அதைச் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியலீங்க என்றுதான் அவரிடம் சொல்ல முடிந்தது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை நான் மட்டும் உக்கடத்தில் பஸ் ஏறினேன். மாராத்தாள் வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க டீச்சர், வாங்க வாங்க. இப்பத்தான் எங்கூட்டுக்குத் தாரி தெரிஞ்சுதுங்களா?" தண்ணீர் வந்தது, காப்பி வந்தது. நானும் முருங்கைக்கீரையை உருவிக்கொடுத்துக்கொண்டே, வசந்தாமணி கேட்ட மாதிரியே, அதே வார்த்தைகளில், பக்கத்து வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

"அவங்களுக்கென்னங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க" என்றார் மாராத்தாள்.

இன்னொரு தடவை கேட்டேன். நல்லாத்தான் இருக்கிறார்கள். தேர்வாளர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மாராத்தாள் எனக்குப் பின்னால் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அந்த டீச்சரம்மா பின்னால வாராங்களா? என்ற புள்ள காலேஜி சேந்துட்டாளுங்க. அவங்ககிட்ட நானே நேர்ல சொல்லோணும்னு வெச்சிருக்கறனுங்க. அன்னிக்கு அத்தனை பயத்தைச் சொன்னனே, இப்ப அவ்வளவு பயமில்லைன்னு சொல்லோணும்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. "அடுத்த தடவை கூட்டியாரனுங்க" என்றேன்.

"கட்டாயம் கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டு, வசந்தாமணிக்கென்று ஒரு கட்டு கீரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உக்கடம் வரைக்கும் அழுதேன்.

அப்புறம் எத்தனையோ நடந்துவிட்டது. ஆள் சேரவில்லை என்று எங்கள் கல்லூரியில் எம்.எட். படிப்பையே மூடிவிட்டார்கள், நாங்கள் மேஜை போட்டிருந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பட்டறையை விற்றுவிட்டு அவர் வீட்டுக்காரர் மகனோடு வெளியூர் போய்விட்டார். மதுக்கரையில் அந்த லைன் வீடுகளை இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். மாராத்தாள் குடும்பம் பெருந்துறைப் பக்கம் எங்கேயோ போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். அந்தப் பெண் இந்நேரம் படித்து முடித்திருப்பாள். அவள் அம்மா வசந்தாமணி டீச்சரிடம் சொல்ல வேண்டியதை இன்னமும் சொல்லாமல் வைத்திருப்பார். விசாரித்துப் போனால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்தான். பெருந்துறை என்ன தொலைவா? நான் போகவில்லை.